ஸ்டிக்கர் தீபாவளி

விளக்கு எரியுற படத்தை ஃபார்வர்டு பண்ணிட்டு, பெரியம்மாவுக்குத் தீபாவளி வாழ்த்து சொல்லியாச்சுன்னு கிளம்பிடறாங்க நம்ம மக்கள். அதுக்கு அவங்க என்ன பதில் சொல்றது? "கங்கா ஸ்நானம் ஆச்சா?"ன்னு கேட்பாங்களே, அது கேள்விங்க. கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்கணும்.

கூரியர்ல ஸ்வீட் பாக்ஸ் அடுத்த கூத்து. சர்க்கரை உள்ளவங்களுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு! அவங்களுக்கு வேண்டியது வேலை. புனேயிலிருந்து போன் போட்டு, லேகியத்துக்குச் சுக்கு எவ்வளவு, திப்பிலி எவ்வளவுன்னு கேளுங்க. (கூகுள்ல இருக்கேன்னு ஆரம்பிக்காதீங்க.) திட்டிக்கிட்டே அரைமணி நேரம் சொல்வாங்க.

இங்கேயே வரச்சொல்லலாமே? மூத்த குடிமக்களுக்கு 40, 50 சதவீதம்னு இருந்த ரயில் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினாங்க, வாஸ்தவம்தான். முழு டிக்கெட்டையும் நாம போடுவோம். பட்டாசுக்குப் போடறோமே?