யாருக்குத் தானாக வரும்?

சென்ற இதழில் மனோதர்மம், அதாவது உடனுக்குடன் கற்பனை செய்து பாடுவது, பற்றி வந்த கட்டுரையில் ‘தானாக’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். ஐந்நூறு கீர்த்தனை பாடமானால் ஆலாபனை தானாக வருமாம். கேள்வி ஞானம் இருந்தால் கல்பனாஸ்வரம் தானாக வருமாம். வராதவர்களுக்கு? கொடுப்பினை இல்லையாம். அவர்கள் கீர்த்தனையோடு நின்றுகொள்வதுதான் சங்கீதத்துக்கு நல்லதாம். ஸ்வரம் பாடச் சொன்னால் நடுங்கும் பிள்ளையின் பயத்தைக்கூட பயபக்தி என்று கொண்டாடுகிறார் கட்டுரையாளர். இருபது வருடமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இதில் பக்தி எதுவும் தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டுச் சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஒரு வாத்தியார்தான் தெரிகிறார்.

முதலில் அந்த ஐந்நூறு. 1330 குறளையும் தலைகீழாக ஒப்பிக்கும் பிள்ளைகள் நம் ஊரில் உண்டு. அவர்களில் ஒருவரும் 1331-ஆவது குறளைத் தானாக எழுதியதாகத் தகவல் இல்லை. வெண்பா வர வேண்டுமென்றால் சீரையும் தளையையும் சொல்லித்தர வேண்டும். எழுதவைத்து, தளை தட்டும் இடத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். கீர்த்தனைகள் ராகத்தின் சாயலைக் காதில் ஏற்றும், அதில் எனக்குச் சண்டை இல்லை. காதில் ஏறியதை வாய்க்கு இறக்குவது வேறு பயிற்சி. அந்தப் பயிற்சியைப் பற்றி அவ்வளவு நீண்ட கட்டுரையில் ஒரு வரி கிடையாது.

கட்டுரையாளர் பக்கத்து அறையில் நடக்கும் மிருதங்க வகுப்பை ஒரு நாள் எட்டிப் பார்க்கலாம். தனி ஆவர்த்தனம் தானாக வரும் என்று எந்த மிருதங்க வாத்தியாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மோராவை எப்படிக் கட்டுவது, கோர்வைக்கு எங்கிருந்து கணக்குப் போடுவது, மிஞ்சும் அட்சரத்தை எங்கே கார்வையாக விடுவது என்று சொல்கட்டாகச் சொல்லவைத்து, கையில் தாளம் போடவைத்துப் பழக்குகிறார்கள். பிறகு சொந்தமாக ஒன்று கட்டிக்கொண்டு வா என்கிறார்கள். அதே மேடையில் நடுவே உட்காரும் பாடகருக்கு மட்டும் ஏன் அருள் இறங்கக் காத்திருக்க வேண்டும்?

கட்டுரையாளரின் துருப்புச்சீட்டு ஜி.என். பாலசுப்ரமணியம். நீண்ட குருகுலவாசம் கிடையாது, ஆங்கில இலக்கியத்தில் ஹானர்ஸ் படித்தவர், ஆனாலும் பிருகாக்கள் கொட்டின, ஆகவே மனோதர்மம் பிறவி வரம் என்கிறார். ஜி.என்.பி. எந்த வீட்டில் வளர்ந்தார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். தந்தை திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபாவின் காரியங்களில் ஊறியவர். பெரிய வித்வான்களின் பாட்டு அந்தப் பையனுக்குச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளக் கிடைத்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை மானசீக குருவாக வரித்துக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் அவர். நாகஸ்வரக் குடும்பத்துப் பையனும் அப்படித்தான். சுவாமி புறப்பாட்டில் பெரியவர்கள் மணிக்கணக்கில் ராகம் வாசிக்க, ஒத்து ஊதிக்கொண்டோ தாளம் தட்டிக்கொண்டோ கூடவே நடப்பான். வாத்தியம் கைக்கு வருவதற்கு முன்பே தோடி அவனுக்குள் குடியேறிவிடும். இதெல்லாம் பாடம்தான். வீட்டுக்குள்ளும் வீதியிலும் நடந்ததால் யாரும் அதற்குப் பாடம் என்று பெயர் வைக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ‘தானாக வந்த’ அந்த ஜி.என்.பி.யே உட்கார்ந்து எம்.எல். வசந்தகுமாரிக்குச் சொல்லிக்கொடுத்தார்.

என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பாட வருபவர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதிலும் பாதிப் பேர் கைபேசித் திரைக்குள். தாத்தா பாடிக் கேட்டதில்லை, ஊஞ்சலில் உட்கார்ந்து ராகம் பேச மாமா இல்லை. இவர்களிடம் ‘தானாக வரும்’ என்று சொல்வது, வாசலில் நிற்பவரிடம் ‘உள்ளே இருப்பவர்களுக்கு விருந்து உண்டு’ என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாள் போடுவது. கட்டுரையாளர் கொடுப்பினை என்று சொல்வதில் பெரும்பங்கு விலாசம்.

வீடே இல்லாத பிள்ளைகளுக்கு மனோதர்மத்தைச் சொல்லிக்கொடுத்த ஊர் ஒன்று உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸில் 16-ஆம் நூற்றாண்டில் அநாதைச் சிறுவர்களுக்கென நான்கு காப்பகங்கள் தோன்றின. கன்சர்வேட்டரி என்ற சொல்லே அங்கே காப்பகம் என்ற பொருளில்தான் புழங்கத் தொடங்கியது. காலப்போக்கில் அவை இசைப் பள்ளிகளாயின. பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டுமே என்று பிள்ளைகளுக்கு இசை கற்பித்தார்கள், அதில் உடனுக்குடன் கற்பனை செய்து வாசிப்பதும் அடக்கம். பார்ட்டிமெண்டோ என்பது அதன் முறை. வாத்தியார் கீழ்ச்சுரத்தில் ஒரு வரி மட்டும் எழுதித் தருவார். மேலே வர வேண்டியதை மாணவன் ஹார்ப்சிகார்டில் அங்கேயே இட்டு நிரப்ப வேண்டும். எளிய வரியில் ஆரம்பித்து, படிப்படியாகக் கடினமாகும். ஃபெடேலே ஃபெனரோலி போன்ற ஆசிரியர்கள் அதற்கு விதிகளை எழுதிவைத்தார்கள். அந்தப் பள்ளிகளில் ஒன்றில் படித்த ஓர் ஏழைக் கொத்தனாரின் மகன்தான் பின்னாளில் ஐரோப்பா முழுக்க ஓபராவுக்குப் பேர்போன சிமரோசா. கொடுப்பினை இருக்கிறதா என்று பார்த்தா அந்தக் காப்பகங்களில் அநாதைகளைச் சேர்த்துக்கொண்டார்கள்?

கர்நாடக இசைக்கு இது ஒத்துவராது என்பார் கட்டுரையாளர். ஒத்துவருகிறது. மோகனத்தில் ஒரு பாட்டு, பல்லவி காந்தாரத்தில் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவர்த்தனம் முழுக்க நான் பாடுவேன். அந்த எடுப்புக்கு முந்தைய நான்கு ஸ்வரம் மட்டும் பிள்ளையுடையது. அதிலும் கடைசி ஸ்வரத்தை ரிஷபம் என்று நானே கட்டிவிடுவேன், அங்கிருந்து காந்தாரத்துக்கு வழுக்கிக்கொண்டு போய்ச் சேரலாம். மீதி மூன்று இடம். மோகனத்தில் ஐந்து ஸ்வரம். ஆக 125 வழிகள். தசசரி, கபகரி, பகசரி என்று ஒவ்வொன்றாகப் பாடிப் பார்த்து, கோணலாக ஒலிப்பதைத் தள்ளச் சொல்வேன். எது கோணல் என்று பிள்ளையின் காதே சொல்லத் தொடங்கும் நாளில் மனோதர்மம் தொடங்கிவிட்டது. அப்புறம் நான்கு எட்டாகும், எட்டு பதினாறாகும். ஒரு களை ஆதி தாளத்தில் மேல்காலத்தில் ஓர் ஆவர்த்தனம் என்பது 32 ஸ்வரம், மலை ஒன்றும் இல்லை.

பயத்துக்கு வருவோம். கீர்த்தனையில் தப்பு எது என்று பிள்ளைக்குத் தெரியும். ஸ்வரத்தில் வாத்தியார் ‘தப்பு’ என்று மட்டும் சொல்வார், எது தப்பு என்று சொல்லமாட்டார். எடுப்பு தவறியதா? ராகத்தில் இல்லாத ஸ்வரம் விழுந்ததா? இரண்டும் சரியாக இருந்து, சப்பென்று இருந்ததா? மூன்றும் வெவ்வேறு நோய்கள். மூன்றுக்கும் ஒரே திட்டு கிடைத்தால் எந்தப் பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனத்தைத்தான் கட்டுரையாளர் பயபக்தி என்று கும்பிடுகிறார். என் வகுப்பில் முதல் மாதம் எடுப்பு மட்டும்தான் கணக்கு. ராகம் கொஞ்சம் சறுக்கினால் கண்டுகொள்ளமாட்டேன். அழகைப் பற்றி மூச்சு விடமாட்டேன்.

படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தால் மனோதர்மம் எந்திரமாகிவிடும் என்று கட்டுரையாளர் கவலைப்படுகிறார். இப்போது என்ன நடக்கிறது? போட்டிக்கு முந்தைய வாரம் நோட்டில் எட்டு ஆவர்த்தனம் எழுதிக்கொடுத்து உருப்போடவைத்து, அதற்குக் கல்பனாஸ்வரம் என்று பெயர் வைக்கிறார்கள். கட்டும் முறையைச் சொல்லித்தராதவர்தான் கட்டி முடித்ததை எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கட்டுரையாளர் பயப்படும் எந்திரம் அவர் சிபாரிசு செய்யும் பட்டறையிலிருந்துதான் வருகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எந்த முறையாலும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. அதற்காக யாரும் தோடியில் நான்கு பிடி சொந்தமாகப் பாடக் கூடாது என்றால், கம்பன் பிறந்த ஊரில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுத்தரக் கூடாது. உச்சியை யாரும் தர முடியாது. முதல் படியை எல்லோருக்கும் தரலாம்.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்பில், ஸ்வரம் வராமல் தலைகுனிந்திருக்கும் பிள்ளைக்கு எதிரே உட்காருங்கள். தாளத்தை அதன் கையில் கொடுங்கள். முன்கூட்டி யோசிக்காமல் நீங்கள் முதலில் பாடி, அதன் கண்ணெதிரே ஒருமுறை எடுப்பைத் தவறவிட்டு, சிரித்துவிட்டு, மறுபடியும் பிடியுங்கள். எப்படித் தவறவிடுவது என்று தயங்க வேண்டாம். அது ஒன்றுதான் நம் எல்லோருக்கும் தானாக வரும்.