பெர்க்லியில் மியூசியம் வேலை பழகலாம்... கீழக்குயில்குடியில் எழுத்துப் பழகலாம்!

இன்டர்ன்ஷிப் என்றதும் பழங்காநத்தம் பக்கத்துக் காலேஜ் பிள்ளைகளுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு கம்பெனி, ஒரு மாதம், கடைசியில் ஒரு சர்ட்டிஃபிகேட். பி.ஏ. தமிழ், பி.ஏ. வரலாறு படிப்பவர்களுக்கு அதுவும் லேசில் அமைவதில்லை.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இளநிலை மாணவர்களையே ஆராய்ச்சிக்குள் இழுத்துவிடுகிறார்கள். பேராசிரியர்கள் தங்கள் ஆராய்ச்சியை அறிவிப்பார்கள். பிடித்த மாணவர் விண்ணப்பித்து உதவியாளராகச் சேரலாம். வாரத்துக்கு 3 மணி நேரம் உழைத்தால் 1 கிரெடிட். காபி வாங்கி வரும் வேலை இல்லை!

இதில் சேரும் மாணவர்கள் போகும் இடங்களில் ஒன்று, 'மேக்னஸ்' என்ற யூதக் கலை அருங்காட்சியகம். 1962-ல் ஓக்லாந்தில் ஒரு சினிமா தியேட்டரின் மாடியில் தொடங்கியது. 2010-ல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பழைய பொருளைக் கையில் எடுத்து, 'இது என்ன, யாருடையது, எங்கிருந்து வந்தது' என்று தேடி எழுதுவதுதான் அங்கே பாடம்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? அந்த அலமாரிகளில் கேரளா இருக்கிறது. கொச்சி யூதர்களின் வழிபாட்டுப் பொருட்கள், துணிகள், கையெழுத்துப் பிரதிகள், போட்டோக்களை எல்லாம் சேர்த்து 2013-ல் ஒரு கண்காட்சியே நடத்தினார்கள். 1950-களில் அந்தச் சமூகத்தில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இன்று மட்டாஞ்சேரியில் மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பெண்கள் கல்யாணங்களில் பாடியது மலையாளப் பாட்டு. நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்ததும் மலையாள எழுத்தில்தான். பாட்டி விட்டுப்போன நோட்டைப் படிக்க ஆள் இல்லாவிட்டால், எந்த ஊர் மியூசியத்தில் இருந்தாலும் அது வெறும் காகிதம்.

அவர்களின் மிகப் பழைய ஆவணம் இன்னும் நெருக்கமானது. சுமார் கி.பி. 1000-ல் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு அது. குடை, பல்லக்கு, பகல் விளக்கு என்று 72 உரிமைகள்! 1568-ல் கட்டிய மட்டாஞ்சேரி பரதேசி சினகாக்கில் பாதுகாக்கப்படுகிறது. அதன் மொழியைப் பழைய மலையாளம் என்பவர்கள் உண்டு, தமிழ் என்பவர்களும் உண்டு. எழுத்தில் சண்டையே இல்லை... வட்டெழுத்து.

அதே வட்டெழுத்து நம் ஊரிலும் இருக்கிறது. நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலை. செட்டிப்பொடவு, பேச்சிப்பள்ளம் இரண்டு இடத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே 9, 10-ம் நூற்றாண்டு வரிகள். யார் சிற்பம் செய்வித்தார், அவர் யாருடைய மாணாக்கர் என்று பாறையிலேயே எழுதியிருக்கிறது. பெர்க்லி மாணவருக்கு இங்கே வர ஃப்ளைட் டிக்கெட் வேண்டும். பழங்காநத்தத்துப் பிள்ளைக்கு பைக்கும் பெட்ரோலும் போதும். என்ன, கிரெடிட்தான் கிடைக்காது; அதை நம் கல்லூரிகள் யோசிக்கலாம்.

போகிறவர்கள் வட்டெழுத்து அட்டவணை ஒன்றை போனில் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்து பளிச்சென்று தெரியும். வரிகளின் மேல் சாக்பீஸ் மட்டும் வேண்டாம்... போட்டோ எடுத்து வீட்டில் பெரிதாக்கிப் பாருங்கள்.