திரையில் இல்லாதவர்கள்

வரலாற்றுத் தொடர்களைத் தொலைக்காட்சியில் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பாடநூலில் ஒற்றை வரியாக இருக்கும் செய்தி, அங்கே உயிருள்ள மனிதர்களாக நடமாடுகிறது. ஆயினும், அக்கதை யாருடைய பார்வையில் சொல்லப்படுகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

சயாம் மரண ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். சயாமையும் பர்மாவையும் இணைக்க, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை ஜப்பானியர்கள் 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைத்தனர். 2025இல் ஒளியேறிய ஓர் ஆஸ்திரேலியத் தொடர், அங்கே வதைபட்ட போர்க்கைதிகளின் கதையைச் சொல்கிறது. அவர்களின் துயரம் சொல்லப்பட வேண்டியதே. ஆனால், அங்கே உழைத்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகம். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களும் அவர்களுள் பல்லாயிரவர். பசியும் காலராவும் அவர்களைக் கொத்துக் கொத்தாகப் பலிகொண்டன. ஆர். சண்முகம் அவர்களைப் பற்றி ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை எழுதினார். திரையிலோ அவர்களை அரிதாகவே காண்கிறோம்.

எனவே, ஒரு தொடரைப் பார்த்து முடித்ததும், ‘இதில் யார் இல்லை?’ என்று கேளுங்கள். அந்நாளை அறிந்த பெரியவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வையுங்கள். நாளை ஒரு நல்ல தொடருக்கு அதுவே கதையாகலாம்.