கைக்குழந்தைக்குத் தலையணை எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கைக்குழந்தைகளுக்கென்று விற்கப்படும் படுக்கை செட்டுகள் பற்றிய என் ஆட்சேபத்தைத் தங்கள் இதழ் வழியாக அரசின் காதுக்குக் கொண்டுபோக விரும்புகிறேன். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

எங்கள் ஊர்க் கடைவீதியில் குழந்தைப் பொருள் விற்கும் கடைகளில் இந்த செட்தான் முன்வரிசையில் தொங்குகிறது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் பஞ்சு மெத்தை, விரித்தால் குடையாக நிற்கும் கொசுவலை, கரடி முகம் போட்ட தலையணை, இரண்டு பக்கமும் அணை கொடுக்கக் குட்டித் திண்டுகள். தனியாகக் கடுகுத் தலையணையும் உண்டு. "தலை நல்லா உருண்டையா வரும்மா, எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்கிறார் கடைக்காரர். அட்டையில், அந்தத் தலையணையில் முகம் பாதி புதைந்து தூங்கும் குழந்தையின் படம். எப்படிப் படுக்கவைக்காதீர்கள் என்று வார்டில் தாய்மார்களிடம் மன்றாடினோமோ, அதையே படம் போட்டு விற்கிறார்கள். குழந்தை பார்க்க வரும் உறவினர்களும் ஆசையாக இதையே வாங்கி வருகிறார்கள்.

பச்சிளம் குழந்தைக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் தலை கனம் அதிகம். கழுத்து நிற்கவே மூன்று நான்கு மாதமாகும். சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடந்தால் மூச்சுப்பாதை நேராக இருக்கும். தலைக்கடியில் தலையணை வைத்தால் மோவாய் நெஞ்சில் முட்டி, அந்த மெல்லிய பாதை மடங்கும். பக்கத்துத் திண்டில் முகம் போய் ஒட்டிக்கொண்டால், விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். நாம் என்றால் தலையைத் திருப்பிக்கொள்வோம். பிள்ளைக்கு அதற்குத் தெம்பு கிடையாது. பல நேரம் அழக்கூடச் செய்யாது. பக்கத்திலேயே படுத்திருக்கும் தாய்க்கும் தெரியாமல் போய்விடும்.

தலை தட்டையாகிவிடுமே என்ற கவலைதான் இந்தத் தலையணைகளை விற்றுக்கொடுக்கிறது. மல்லாக்கப் படுப்பதால் வரும் தட்டை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். விழித்திருக்கும்போது, நம் கண்ணெதிரில், கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டினால் போதும். தலையை உருண்டையாக்கும் தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில் வெளிப்படையாகவே எச்சரித்தது. அதே ஆண்டு அங்கே வந்த சட்டம், தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளையும் சாய்வான குழந்தைப் படுக்கைகளையும் விற்பதற்கே தடை விதித்தது. அதற்கு முன் அவர்கள் கொடுத்த விலை பெரிது. ஃபிஷர் பிரைஸ் நிறுவனம் சுமார் 47 லட்சம் சாய்வுப் படுக்கைகளை 2019-இல் திரும்பப் பெற்றது, முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு. நாமும் அப்படிக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் விழித்துக்கொள்ள வேண்டுமா?

நம் அரசுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்ல முடியாது. பால்பவுடர் டப்பாவில் குழந்தையின் படம் போடக்கூடாது என்று 1992-இலேயே சட்டம் போட்ட நாடு இது. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கிலுகிலுப்பையில் முத்திரை தேடும் நாம், பிள்ளை பகலும் இரவுமாக முகம் வைத்துக் கிடக்கும் தலையணையில் எதையும் தேடுவதில்லை. நான் கையில் எடுத்துப் பார்த்த செட்டுகளில் முத்திரையும் இல்லை, ஒரு வரி எச்சரிக்கையும் இல்லை. கார் சீட் பெல்ட் போடாமலே அலாரத்தை நிறுத்தும் கிளிப்புகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் ஐந்து இணைய வணிக நிறுவனங்களிலிருந்து நீக்க வைத்தது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. பெரியவர்களின் உயிருக்காக எடுத்த அந்த நடவடிக்கையைக் கைக்குழந்தைகளுக்காகவும் எடுக்கட்டும்.

நம் தூளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். துணி ஆழமாகத் தொங்கினால் அதிலும் மோவாய் நெஞ்சில் முட்டும். பெரிய பிள்ளைகள் சேலையை முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிய செய்தியை அடிக்கடி படிக்கிறோம். தூளியில் தூங்கிய பிள்ளையை எடுத்துப் பாயில் கிடத்திவிடுவது நல்லது. பாயின் மேல் இழுத்து விரித்த பருத்தித் துணி, வியர்க்காத உடை, கொசுவலை, பக்கத்தில் தாய். பிள்ளைக்குச் சுகம் இதுதான். பஞ்சு சொகுசெல்லாம் பார்க்கிற நம் கண்ணுக்கு மட்டுமே.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று தலையணை, திண்டு விற்பதை நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்ய வேண்டும். அதுவரை அட்டைப் படங்களையாவது எடுக்கச் சொல்லி, 'தூங்கும்போது வைக்காதீர்கள்' என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வைக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியர்கள் பிள்ளையின் எடையோடு படுக்கையையும் பார்த்துவிட்டு வர, சுகாதாரத்துறை உத்தரவிட வேண்டும். இத்தகைய படுக்கைகளின் விளம்பரங்களைத் தங்கள் இதழும் இனி ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல்.