வெண்ணெய் உருண்டை ஃபேமஸ்... சாளுவன்குப்பம் ஏன் ஆகல?

ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் வழியாக ஈசிஆரில் பைக்கை விடும் ஐடி இளைஞர்கள் பலருக்கு இலக்கு மாமல்லபுரம். முதல் செல்ஃபி, கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையோடு. இயற்கையாக நிற்கும் பாறைதான் அது. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்ட பிறகு கேட்கவே வேண்டாம்.

போகிற வழியிலேயே சாளுவன்குப்பம். 2004 சுனாமிக்கு அடுத்த ஆண்டு தொல்லியல் துறை இங்கே ஒரு முருகன் கோயிலைக் கண்டுபிடித்தது. பல்லவர் காலக் கோயிலுக்கு அடியில், அதைவிடப் பழைய செங்கல் கோயில்! ஆனால், 'அங்கே என்ன இருக்கு?' என்று வண்டிகள் நிற்காமல் போகின்றன.

ஏன் இப்படி? 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 14,000-க்கும் மேற்பட்டோர் தனித்தனிக் குழுக்களாக ஒரே 48 பாடல்களைக் கேட்டார்கள். மற்றவர்களின் டவுன்லோடு எண்ணிக்கை கண்ணில் பட்டதும், குழுவுக்குக் குழு வேறு பாட்டு ஹிட் ஆனது. ரொம்ப நல்ல பாட்டு தோற்பது அரிது. ஆனால் எது முதலிடம் பிடிக்கும் என்று கணிக்க முடியவில்லை.

கூட்டம்தான் கூட்டத்தைச் சேர்க்கிறது. லைக் எண்ணிக்கை, எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லும். எதைத் தவறவிட்டார்கள் என்று சொல்லாது. யாரும் எட்டிப் பார்க்காத இடம் மெல்ல நினைவிலிருந்தும் போய்விடும். அடுத்த ஞாயிறு சாளுவன்குப்பத்தில் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தினால் என்ன?