கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடாதீர்கள்

"மின்சாரம் தாக்கி ஊழியர் பலி" என்று பேப்பரில் செய்தி வந்தால் கடைசி வரியைப் பாருங்கள். "கவனக்குறைவே காரணம் எனத் தெரிகிறது" என்று அடிக்கடி இருக்கும். அரசு அலுவலகத்தில் எழுத்தராகவே காலம் கழித்தவன் நான். அந்தச் சொல் எதற்கு என்று எனக்குத் தெரியும். கோப்பை மூடுவதற்கு. இறந்தவர் எழுந்து வந்து மறுப்பு எழுதப் போவதில்லை.

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் இரும்பு அலமாரி போன்ற பேனல்களுக்குள் சர்க்யூட் பிரேக்கர் இருக்கும். நம் வீட்டு எம்.சி.பி.க்குப் பெரியண்ணன். டிராலியில் நிற்கும் இதைப் பராமரிப்புக்காக வெளியே இழுப்பார்கள். வேலை முடிந்ததும் கைப்பிடியைச் சுற்றி உள்ளே ஏற்றுவார்கள். பின்னால் 11,000 அல்லது 22,000 வோல்ட் காத்திருக்கும்.

ஏற்றும்போது பிரேக்கர் 'ஆஃப்' நிலையில் இருக்க வேண்டும். 'ஆன்' நிலையிலேயே உள்ளே போனால், முனைகள் சேரும் இடத்தில் தீப்பிழம்பு வெடிக்கும். அதன் வெப்பம் 20,000 டிகிரி வரை போகலாம். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். கை பட வேண்டாம், எதிரே நின்றாலே போதும்.

செய்து கொடுத்த கம்பெனிக்கு இது தெரியும். அதனால்தான் 'ஆன்' நிலையில் டிராலி நகராதபடி இன்டர்லாக் வைக்கிறார்கள். எர்த் சுவிட்ச் போட்டிருந்தாலும் உள்ளே போகாது. நல்ல பேனல்களில் கதவை மூடிவிட்டு வெளியே நின்றே ஏற்றலாம். தூரத்தில் நின்று மோட்டார் மூலம் ஏற்றும் வசதியும் வந்துவிட்டது.

பிறகு எப்படி விபத்து? துருப்பிடித்த இன்டர்லாக்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் தள்ளச் சொன்னது யார்? கதவு மூடாத பேனலை மாற்றாமல் வைத்திருப்பது யார்? பாதுகாப்பு உடையை ஸ்டோரில் பூட்டி வைத்தது யார்? இதில் எது தொழிலாளியின் கவனக்குறைவு?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மின் வேலைக்கு முன் செய்ய வேண்டியதை அவர்கள் 'கொன்சிஞாசியோன்' என்பார்கள். இணைப்பைப் பிரி, பூட்டு, அடையாளம் பார், மின்சாரம் இல்லையெனக் கருவி வைத்துச் சோதி, எர்த் செய். 'அபிலித்தாசியோன்' என்று இன்னொன்றும் உண்டு. இன்னார் இன்ன மின் வேலைக்குத் தகுதியானவர் என்று முதலாளியே கையெழுத்திட்டுத் தரும் சான்று அது. கையெழுத்துப் போட்டவர் பிறகு நழுவ முடியுமா?

நம்மிடமும் விதி இருக்கிறது. மத்திய மின்சார ஆணையம் 2010-இலும் மீண்டும் 2023-இலும் பாதுகாப்பு விதிமுறைகள் வெளியிட்டது. காகிதத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் 2020 ஆகஸ்ட் 20 இரவு ஸ்ரீசைலம் இடதுகரை நிலத்தடி மின் நிலையத்தில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். பேட்டரி வேலைக்கு வந்த தனியார் ஊழியர் இருவரும் அதில் உண்டு. ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே சொல்லில் கணக்கு முடிக்கலாமா?

வாசகர்களே, நமக்கும் பங்குண்டு. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு பகுதியில் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்று அறிவிப்பு வருகிறது. 5 மணி 5 நிமிடத்துக்கே "ஏம்ப்பா, இன்னும் கரண்ட் வரல?" என்று போன் போடுகிறோம். அந்த அவசரம் மேலதிகாரி வழியாக இறங்கி, கைப்பிடியைச் சுற்றுகிறவன் தலையில்தான் வந்து விழுகிறது.

இனி விபத்து அறிக்கையில் நாலு கேள்விக்குப் பதில் இருக்கட்டும். இன்டர்லாக் வேலை செய்ததா? கதவு மூடியிருந்ததா? உடை கொடுத்தார்களா? அவசரப்படுத்தியது யார்? இவற்றுக்குப் பதில் எழுதாத அறிக்கையில் 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்கு இடம் கொடுக்கக் கூடாது.