பிடிக்கு ஒரு வயது, அலகுக்கு ஒரு வயது

பிடியின் வேலைப்பாட்டைப் பார்த்தே பழைய வாளின் காலத்தைச் சொல்லிவிடலாம் என்ற வாதம் வியாபாரிக்கு வசதி, வரலாற்றுக்கு அல்ல.

தஞ்சை ஆயுதக்கூடத்து வாள்களையே பாருங்கள். பலவற்றில் அலகு ஐரோப்பாவில் அடித்தது, பிடி இங்கே செய்தது. சீனத்துச் சிங் அரசமரபுக் கால வாள்களிலும் பழைய அலகுக்குப் புதுப்பிடி பூட்டியதுண்டு.

‘வாளேந்திய வீரனைச் செதுக்கிய நடுகல் இருக்கிறதே, அதோடு ஒப்பிட்டுக் காலம் சொல்லலாமே’ என்பார்கள். இருக்கிறது. திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வட்டாரத்து நடுகற்களில் பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டே வெட்டப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் அவற்றை நூலாக்கியது. ஆனால் அந்த ஆண்டு வீரன் விழுந்ததற்கு உரியது. அப்படியொரு வாள்வடிவம் அன்று வழக்கில் இருந்ததைக் கல் காட்டும். உங்கள் கையிலுள்ள இரும்பு எப்போது அடிக்கப்பட்டது என்று காட்டாது.

விற்பவர் அலகுக்கும் பிடிக்கும் தனித்தனியே ஆதாரம் தரட்டும்.